டேப்பின் பூஜ்ய முனை

பூஜ்யம் எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். பல் செட்டு கட்ட வாங்கினான். காட்டில் பெரிய மரங்களைச் சுற்றி அளக்கும்போது டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்து நிற்பவன் அவன். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவது நான். நாற்பது வயதைத் தாண்டித்தான் எழுதப் படிக்கக் கற்றேன் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். "மரம் ஓடிடாதுடா, மெதுவாப் படி" என்பான்.

போன வருடம் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லார் முன்னாலும், "உன் சிரிப்புக்கே நான்தான்டா காசு குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குத்தான். பாதி விளையாட்டு. மறுநாள் காலை அவன் கட்டில் காலி.

அவன் இடத்துக்கு நான் ஆள் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏன் போனான் என்று சொல்ல வேண்டும். இந்த வருடம் டேப்பின் முனையைப் பட்டையில் ஆணியால் குத்திவிட்டுத் தனியாகச் சுற்றி வந்தேன். எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் கொஞ்சம் நிற்பேன்.

நோட்டிலிருந்த எண்களை எழுதிக்கொண்டுபோன ஆராய்ச்சி மேடம் போன் செய்தார். மரத்தின் சுற்றளவை வைத்து, அது காற்றிலிருந்து எவ்வளவு கரியை இழுத்து உள்ளே வைத்திருக்கிறது என்று கணக்குப் போடுபவர்.

"அண்ணே, பெரிய மரம் நாப்பத்தி மூணும் ஒரே வருஷத்துல மூணு சென்டிமீட்டர் பெருத்திருக்கு. காடு இவ்வளவு கரியைச் சேர்த்திருக்குன்னு எழுதினா பெரிய செய்தி. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பின்பக்கம் ஆள் இல்லாமல் டேப், அளக்க வேண்டிய உயரத்தில் மரத்தைச் சுற்றிப் போட்ட சிவப்புப் பெயிண்ட் கோட்டை விட்டுச் சரிந்திருக்கிறது. சரிந்தால் எண் கூடும். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் என் பொய் அச்சாகிவிடும்.

"மரம் பெருக்கல மேடம். டேப் தொங்கிருச்சு. தனியா அளந்தேன்."

"திரும்ப அளங்க. ஆளோட. வர்றவருக்கு நாளுக்கு எழுநூத்திப் பத்து கூலி" என்றார். என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் நம்பரைப் பார்த்தால் பூஜ்யம் எடுக்க மாட்டான். ஜீப் டிரைவரின் போனில் கூப்பிட்டேன்.

"காசுக்குத்தானே?"

"டேப் பிடிக்க ஆளில்ல மச்சான். நாள் கூலி எழுநூத்திப் பத்து."

"நாலு நாள் வர்றேன். என் கூலிய நீயே வாங்கிக்க. எவ்வளவு ஆச்சுன்னு பாரு, நீதான் படிச்சவனாச்சே."

வந்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து "சரி" என்ற சத்தம் மட்டும் வரும். முகம் தெரியாது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரம்கூட வருடத்துக்கு நாலு மில்லிமீட்டர்தான் கூடியிருந்தது. கொட்டகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். சிரிக்கவில்லை.

நான்காம் நாள், எண்களை வேண்டுமென்றே மூன்று தடவை படித்தேன். மரம் ஓடிடாதுடா என்பான் என்று காத்திருந்தேன்.

"பஸ் போயிடும். சீக்கிரம் எழுது."

கடைசி மரம் முடிந்ததும் டேப்பைச் சுருட்டி என் கையில் வைத்தான். "கழிஞ்சுதா?"

நாலு நாள் கூலி கடனுக்குச் சரியாக இருந்தது. இன்னும் நாற்பது ரூபாய் பாக்கி என்று சொன்னால் இன்னொரு நாள் வருவானே என்று வாய் வரை வந்தது. இந்த வருடத்துக்குத் தப்புக் கணக்கு போதும்.

"கழிஞ்சுது."

அவன் பஸ்ஸுக்கு நடந்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவன் பெயருக்கு நேரே இருந்த எண்ணின்மேல் கோடு போட்டேன்.