சைக்கிள் எதுக்கு?

இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். எவ்வளவு பெரிய வண்டியானாலும் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துவிடுவேன். ஆனால் சைக்கிள் விடத் தெரியாது. போன மாதம் சிக்னலில் நின்றபோது ஒருத்தி மிதிப்பதை நிறுத்தி, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சரிவில் சர்ரென்று இறங்கிப் போனாள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. மறுநாளே பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி: எதுக்கு? உடம்புக்கு என்றேன். நடக்கலாமே என்றார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர். கடைக்கு என்றேன். கடை எதிரிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, பஸ் பழக்கத்தில் பிரேக் என்று நினைத்துப் பெடலை ஓங்கி மிதித்து மூன்று முறை விழுந்தேன். முட்டித் தோல் பெயர்ந்ததும் என்னைக் கேட்காமலே சைக்கிளை விற்க ஆள் பார்த்துவிட்டார். ஞாயிறு ஐந்து மணிக்குப் பட்டறைக்கு வருவானாம்.

எனக்கு வந்ததே கோபம்! நாலு மணிக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"நீங்க எதுக்கு வெல்டிங் பண்றீங்க?"

"இதென்ன கேள்வி? சம்பாதிக்கத்தான்."

"சம்பாத்தியம் எதுக்கு?"

"வீடு நடக்கணுமில்ல?"

"நடந்து?"

"நாம சந்தோஷமா இருக்கத்தான்."

"சந்தோஷம் எதுக்கு?"

கண்ணாடியைக் கழற்றி முறைத்தார். "உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா? சந்தோஷம் எதுக்குன்னு எவனாவது கேப்பானா?"

"கேக்க மாட்டான்ல? நீங்க சுத்திவளைச்சுப் போற இடத்துக்கு நான் நேராப் போறேன். வந்து சீட்டைப் பிடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பட்டறைக்குப் பின்னால் நல்ல சரிவு. முதல் தடவை கால் பிரேக்கைத் தேடியது, விழுந்தேன். இரண்டாம் தடவையும் அதே கதை. முழங்கை எரிந்தது. "போதும்டி" என்றார். போதாது என்றேன். அப்போதுதான் உறைத்தது: இந்தப் பாழாய்ப்போன காலைப் பெடலிலேயே வைக்கக் கூடாது!

மூன்றாம் தடவை இரண்டு காலையும் நீட்டிக்கொண்டேன். சைக்கிள் தானாக இறங்கியது. நான் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்தன. ஐயோ, அவ்வளவு சந்தோஷம்!

திரும்பித் தள்ளிக்கொண்டு மேலே வந்தபோது, வாங்க வந்தவன் அவர் பக்கத்தில் நின்றிருந்தான்.

"இந்த வயசுல அவங்களுக்கு எதுக்குங்க சைக்கிள்?"

என் வீட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மாதான். நீங்க வேற சைக்கிள் பாத்துக்கங்க."