கொல்லையோரத்துக் குழி

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு லீவு விட்டா அப்பன் ஆத்தா பக்கத்துல ஒக்கார மனசு வர்றதில்லை. ஊரான் வழக்கைத் தலையில கட்டிக்கினு வெயில்ல அலையுதுங்க. மெட்ராஸ் சட்டக் காலேஜிலிருந்து அகதி முகாமுக்கு ஒத்தாசை பண்ண வந்த பத்மராஜும் அனந்தமதியும் தன்னைத் தேடி மல்லாட்டைக் கொல்லைக்கே, வேர்க்கடலைச் செடிக்கு நடுவுல வந்து நின்னதும் அப்பாதுரைக்கு அந்த எரிச்சல்தான் வந்தது.

"முகாம்ல இருக்கற தவராசாவைத் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க பெரியவரே. துப்பாக்கி பொதைச்சார்னு நீங்கதான் சொன்னீங்களாமே?" என்றான் பத்மராஜ்.

"கண்ணால கண்டதைச் சொன்னேன். விடியக்காலையில எங் கொல்லையோரம் குழி வெட்டினான். கையில துணி சுத்தின பொட்டலம். சிலோன்காரன் வேற என்னாத்தைப் பொதைப்பான், மல்லாட்டையா? நாளைக்கு ஏட்டு வந்து தோண்டறப்பத் தெரியும்."

அனந்தமதி தலையைக் குனிந்தபடி சொன்னாள். "அது அவரோட கொழந்தை. பொறந்ததும் போயிடுச்சு. அவர் சம்சாரம்தான் அழுதுக்கினே எங்ககிட்ட சொன்னாங்க. வெளியே தெரிஞ்சா நீங்க தோண்டி எறிஞ்சிடுவீங்கன்னு பயந்து, அவர் அடி வாங்கிக்கினு வாயைத் தொறக்காம இருக்காரு."

அப்பாதுரை கொல்லையோரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 'அகதிப் பொணம் நம்ம சுடுகாட்டுக்கு ஆவாது' என்று பஞ்சாயத்தில் முதல் ஆளாக எழுந்து சொன்னது அவர் வாய்தான்.

மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறினார்.

"துப்பாக்கி இல்ல சாமி, செத்த கொழந்தை" என்றார் ஸ்டேஷன் ஏட்டிடம். "எங் கொல்லைதான். அங்கியே கெடக்கட்டும். யாரும் தோண்ட வேணாம்."

"அன்னைக்கு அந்தக் குதி குதிச்சியேய்யா? கண்ணு அவிஞ்சா பூடுச்சி?"

"ஆமா. அவிஞ்சிதான் பூடுச்சி."

தவராசாவை வெளியே விட்டார்கள். கன்னம் வீங்கியிருந்தது. நேராக அப்பாதுரையிடம் வந்து கும்பிட்டான். "பெரிய உபகாரம் ஐயா. என்ர பிள்ளைக்கு இடம் தந்திட்டியள்."

அவன் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்பாதுரை அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்மராஜுக்கு ஒரே உற்சாகம். "சுடுகாட்டுல இவங்களுக்கும் எடம் கேட்டு கலெக்டருக்கு மனு போடறோம் பெரியவரே. சட்டம் இருக்குது. ஊர்ல நீங்க எங்க பக்கம் பேசுவீங்க இல்ல?"

"சட்டம் வந்து எங்க ஊர்க்காரன் வாயை மூடுமா? போப்பா."

மறுபடி பஞ்சாயத்து கூடினால் தன் வாயே என்ன பேசுமோ, அவருக்கே பிடிபடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனுவாம் கலெக்டராம் என்று முனகிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.