தவளைக்காரன் ஊற்றிய தேநீர்

ஷாம் சுய் போ சந்தையில் மீனும் தவளையும் விற்கிற போக்-மன்னைப் பல் டாக்டர் ஸின்-யூ கட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தி ஒரே காலையில் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் கடை ஃபோங் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏண்டா, இவ்ளோ பெரிய தவளை தெருவுல சும்மா குதிச்சுக்கிட்டு வருமா? எங்கயோ இடிக்குதே!”

“தவளையைப் பத்தி எங்கிட்டயே சொல்றியாக்கா?” என்று அவனும் சிரித்து வைத்தான். உள்ளே முள் தைத்தது. இவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் சும்மா வருமா என்ற அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கேட்டு ஓய்ந்தவன்தானே அவன்! மீன் கவிச்சி போக எலுமிச்சை தேய்த்துத் தேய்த்துக் கைத்தோலே உரிந்திருந்தது, பாவி மகனுக்கு.

ஸின்-யூ அந்த ஏற்றத்தாழ்வெல்லாம் பார்க்கிறவள் இல்லை. அவன் தேநீர் ஊற்றினால், எல்லோரையும் போல இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்லமாட்டாள். “அது வெளியாளுக்கு. நமக்குள்ள என்ன?” என்பாள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவளைப் பெற்றவர்களைப் பார்க்க, அவர்கள் வரச்சொன்ன பெரிய ஓட்டலுக்கே போனான்.

போனவன் சும்மா இருந்தானா? உட்கார்ந்ததும், சந்தைக்கடைப் பழக்கம், முதல் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கோப்பையையும் சாப்பிடும் குச்சிகளையும் அலச ஆரம்பித்துவிட்டான்.

“இங்க எல்லாம் கழுவித்தான் வைப்பாங்க, தம்பி,” என்றாள் ஸின்-யூவின் அம்மா.

அவனுக்குக் காது சுட்டது. சமாளிக்க வேண்டி, சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

“நான் எட்டாத கொம்புக்கு ஆசைப்பட்டவன்தான், அங்கிள்.”

‘சேச்சே, அப்படிச் சொல்லாதப்பா’ என்று எதிரே இருப்பவர் பதில் சொல்லவேண்டும். எப்பேர்ப்பட்ட கடுவன்பூனையும் அதைச் சொல்லிவிடும். அவள் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்கே தெரியுதுல்ல? மூங்கில் கதவுக்கு மூங்கில் கதவு, மரக்கதவுக்கு மரக்கதவு. பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல.”

போக்-மன் ஸின்-யூவைப் பார்த்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா? அவளோ அவன் அலசிய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்பா மேல் கோபம் இல்லை, அவனால் வந்த வெட்கம்தான் இருந்தது. ஐயோ, அதை அவன் பார்த்துத் தொலைத்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் கெண்டியை எடுத்து அவள் கோப்பையில் ஊற்றினான்.

ஸின்-யூ நிமிரவில்லை. இரண்டு விரலை மடக்கி, மேசையில் மெதுவாகத் தட்டினாள்.