இரண்டுக்கு முன்னால் பத்து

கண் மருத்துவமனையின் கூடத்தில் டோக்கன் பலகையை மாட்டிய முதல் காலையிலேயே ரகளை. ஒன்றுக்கு அடுத்து பலகை பத்தைக் கூப்பிட்டது. பிறகு பதினொன்று. இரண்டாம் எண்காரர் எழுந்து கத்தினார்.

"முன்னாடி வந்தவன் முட்டாளா?"

"மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா கழட்டிட்டுப் போங்க" என்று பலகையை மாட்ட வந்த பெண்ணிடம் டாக்டர் சொல்லிவிட்டார். ஊழியர் ஏணியே கொண்டுவந்து சாத்திவிட்டார். தனியாக அவள் எழுதிக் கொடுத்த முதல் நிரல் அந்தப் பலகையுடையது.

நிரல் மொழிகளில் அவளுக்குப் பைத்தான்தான் உயிர். பலகையில் ஓடியது ஜாவாஸ்கிரிப்ட், வேண்டாவெறுப்பாக எழுதியது. அலுவலகத்தில் எந்த மொழி உசத்தி என்று சண்டை வந்தால் முதல் குரல் அவளுடையதுதான். அதே அலுவலகத்தில் இருந்த அண்ணிக்கு ஐந்து மொழி தெரியும். சண்டை வந்தால் டிபன் டப்பாவைக் கழுவப் போய்விடுவாள்.

வேறு வழியில்லாமல் அண்ணியைத்தான் கூப்பிட்டாள். அண்ணி வந்து பலகையைப் பார்த்தாள்.

"எத்தனை டோக்கன் வச்சு சோதிச்சே?"

"ஒன்பது."

அண்ணி சிரித்துவிட்டாள். "ஒத்தை இலக்கத்துல தெரியாதுடி. வரிசைப்படுத்துன்னு சும்மா சொன்னா ஜாவாஸ்கிரிப்ட் எண்ணையும் எழுத்தாத்தான் பாக்கும், அகராதி மாதிரி. ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் ரெண்டுக்கு முன்னாடி."

"பைத்தான்ல இந்தக் கூத்தெல்லாம் கிடையாது அண்ணி!"

"கிடையாதுதான். முதல்ல பழகினது எதுவோ அதுதான் இயற்கைன்னு தோணும். அதுக்குத்தானே அடிச்சுக்கிறீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டாவது ஒண்ணு கத்துக்கிட்டப்பதான், முதல் மொழி எனக்குத் தெரியாம எனக்காக என்னென்ன செஞ்சுதுன்னு புரிஞ்சுது."

எண்ணாக ஒப்பிடு என்று ஒரு வரி போதும். அவள் தட்டத் தொடங்கினாள். அண்ணி இரண்டாம் எண்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, பலகைக்கு அகரவரிசைதான் தெரியும். எண்ணத் தெரியல."

"பள்ளிக்கூடத்துல போட வேண்டியதுதானே?"

"இப்பதான் போட்டுக்கிட்டு இருக்கா."

அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டது. அண்ணிக்கு இன்னும் எத்தனை மொழிதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

பலகையில் இரண்டு வந்தது. "பாஸாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். அடுத்து மூன்று. நான்கு. டாக்டர் கதவைத் திறந்து பலகையைப் பார்த்தார். கதவை மறுபடி மூடிக்கொண்டார். ஊழியர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, உங்க அஞ்சுல எது பெஸ்ட்?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"சண்டைக்கு இல்ல. அடுத்து எதைக் கத்துக்கலாம்னுதான்."