பார்வையாளர் ஏடு

இறப்புப் பதிவுப் படிவத்தில் 'இறந்தவரின் தந்தை பெயர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இறந்தவரின் மகள் தன் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். எழுபத்தொரு வயது வரை வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஒரு வீட்டையும் கட்டி முடித்த மனிதருக்கு அப்பா யார் என்பது அவர் பெற்ற இருவருக்கும் தெரியவில்லை. யார் கேட்டாலும் "எனக்கு யாரும் இல்ல" என்பார் அப்பா. குழம்பில் உப்பு இல்லை என்பதைப் போலத்தான் சொல்வார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தோன்றாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"தெரியலைன்னா கோடு போட்டுடறேன்," என்றார் எழுத்தர். போட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மகள் நூலகத்தின் மாடிப்படி ஏறினாள். அவள் மின் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். நூலகத்து மீட்டரும் அவள் எல்லைக்குள்தான் வரும். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருப்பதை மாதாமாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேலே, பழைய செய்தித்தாள்கள் அடுக்கிய அறையில், நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தலைவர். மருந்துக்கடை நடத்தும் பெண் ஒருத்தி செயலாளர். அந்தச் செயலாளரை எல்லோரும் 'எங்க எழுதியிருக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. ஏன் என்பது கால் மணி நேரத்தில் புரிந்தது.

புதிதாக வருபவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். அவள் முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரி பென்சிலோடு வரி வரியாக இறங்கினாள்.

"உங்க அப்பா சின்ன வயசுலயே அநாதைன்னு போட்டிருக்கீங்களே அக்கா, இது எங்க எழுதியிருக்கு?"

"அவரே சொன்னார்."

"சொன்னார்னு எழுதுங்க. அநாதைன்னு எழுதாதீங்க."

கடைசியில் அடிபடாமல் மிஞ்சியது அவள் பிறந்த தேதியும் அப்பா அம்மாவின் திருமணப் பதிவும். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, இது தனக்குத் தெரிந்த வேலைதானே என்று பட்டது. ஊருக்குப் போயிருந்தோம், கரண்டே செலவழிக்கவில்லை என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். முள் நிற்கும் இடத்தைத்தான் அவள் எழுதுவாள். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறாள்.

அப்பாவின் பெட்டியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தது. அதில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'விடுதி மாணவர்' என்றிருந்தது. சங்கத்தின் கடிதத்தோடு பள்ளிக்குப் போனாள். பள்ளியிலிருந்து விடுதிக்கு அனுப்பினார்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதி. அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் பழைய ஏடுகளை எடுத்துத் தருவார்கள் என்பதால் நான்கு வாரம் ஆயிற்று. சேர்க்கைப் பதிவேட்டின் அந்த வருடப் பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பார்வையாளர் ஏடு மட்டும் நன்றாக இருந்தது.

அதில் அப்பாவின் பெயர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தது. பார்க்க வந்தவர் என்ற இடத்தில் ஒரே பெண்ணின் பெயர். உறவு: அக்கா. வயது: பதினைந்து. வேலை: சலவைக்கூடம். முதல் சில வாரங்கள் கைநாட்டு. பிறகு கோணல்மாணலாகக் கையெழுத்து. வாரம் செல்லச் செல்ல அது நேராகிக்கொண்டே வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை. பிறகு பதினான்கு மாதம் ஒன்றுமில்லை. அதன்பின் மூன்று ஞாயிறு, வேறு ஊர் முகவரியோடு அதே கையெழுத்து. மூன்றுக்கும் எதிரே காப்பாளர் எழுதியிருந்தார்: 'சிறுவன் பார்க்க மறுத்தான்.'

அவள் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டாள். பக்க எண்ணைக் குறிக்காமல் போனால் மருந்துக்கடைக்காரி விடமாட்டாள். பிறகு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏற வேண்டிய பேருந்து இரண்டு முறை வந்துபோனது.

அன்று மாலை அண்ணனிடம் போனில் சொன்னாள்.

"அப்பாவே வேணாம்னு சாத்தின கதவு. நீ எதுக்குப் போய்த் தட்டற?"

"தட்டறதுதான் என் வேலை."

"விளையாடாத. அந்தம்மா இருந்தா என்ன சொல்லுவ? செத்துட்டார்னா? அதைச் சொல்லவா போற?"

அவள் போனை வைத்துவிட்டு, ஏட்டிலிருந்த முகவரியை ஒரு தாளில் எழுதினாள். அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்து, தெருவின் பெயர் எப்போது மாறியது, கதவெண் எப்படி மாறியது என்று தேடிக் கொடுத்தார். வாக்காளர் பட்டியலில் அந்த அக்காவின் பெயர் இருந்தது. வயது எழுபத்தொன்பது.

ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது வீடு. கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாள், கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து மீட்டர் பக்கம் கை காட்டினாள். வந்தவள், தான் யாருடைய மகள் என்று சொன்னாள். மடித்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

"இருக்கானா?"

"மூணு மாசம் ஆச்சு. தூக்கத்துலயே போயிட்டார்."

அத்தை துண்டை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் எடுத்து வந்தாள்.

"அப்பா அம்மா ஒரே வாரத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க. எனக்குப் பதினஞ்சு, அவனுக்கு ஏழு. சலவைக்கூடத்துல என்னை மட்டும்தான் தங்க விடுவாங்க. அதான் விடுதியில விட்டேன். அப்புறம் கூடத்துக்காரங்களே கட்டிக் கொடுத்தாங்க. ரொம்ப தூரம். முதல்ல வயித்துல புள்ள, அப்புறம் கைப்புள்ள. அவர் அனுப்பல. லெட்டர் போட்டேன், அவன்கிட்ட கொடுத்தாங்களோ என்னமோ. திரும்பி வந்தப்ப ஜன்னல் வழியா என்னைப் பார்த்தான். கீழ இறங்கி வரல."

கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அடுக்கிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு கேட்டாள்.

"என்னைப் பத்தி எப்பவாவது பேசுவானா?"

வழியெல்லாம் அவள் பயந்துகொண்டு வந்த கேள்வி அது. ஒரு பொய்யைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அடிக்கடி பேசுவார், உங்கள் பெயரைத்தான் எனக்கு வைக்க நினைத்தார் என்று. சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? வாய்வரை வந்தது.

"இல்ல அத்தை. யாரும் இல்லைன்னுதான் சொல்வார்."

அத்தை தலையசைத்தாள். "யார் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

"அப்போ மறக்கல."

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். தாத்தாவின் பெயரை அத்தை இருமுறை சொன்னாள், எழுத்துக்கூட்டி ஒருமுறை. அவள் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 'மகள் சொன்னது, நேரில்' என்று குறித்து, தேதியும் போட்டாள்.

படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. காய்கறிப் பையோடு அறுபது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். பையைக் கீழே வைக்காமல், குனியாமல், ஒரு குதிகாலால் மறு செருப்பின் வாரை அழுத்திக் கழற்றினாள். முதலில் இடது. பிறகு வலது. அப்பா கழற்றுவதைப் போலவே.

"யாரும்மா வந்திருக்காங்க?"

"உன் மாமா பொண்ணு," என்றாள் அத்தை.

"எந்த மாமா?"

அத்தை, மடித்த துணிகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மகளும் உட்காரக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.