மூன்றாவது எல்லைக் கல்

வேங்கை மரத்தடிக் கல்லில் ஊர்க்கவுண்டர் செங்கோடன். அவருக்கு வலப்புறம் தரையில், சும்மா கிடக்கும் குடிசைக்குச் சொந்தக்காரி பொன்னாயி. எதிரே மிளகு மூட்டைமேல் பேளுக்குறிச்சி வியாபாரி அப்பாஸ் அலி. அவரோடு மலையேறி வந்த கடிதம் எழுதுபவனான நான், எழுத்துப் பெட்டியோடு மூட்டை நிழலில். நடுவில், சம்மணம் போடத் தெரியாமல், ஓந்த்ரெய் என்ற வெள்ளைக்காரர். 1934, ஆனி மாதம்.

மழைக்காலம் முடியும்வரை பொன்னாயியின் குடிசையில் தங்கிப் பாறைப் பாசிகளைப் படம் வரைய வேண்டும் என்பது ஓந்த்ரெயின் ஆசை. ஊர்ச் சபை மறுத்தால் மறுநாளே மலையிறங்க வேண்டியதுதான். தங்க வருகிறவர் முதலில் தம் ஊரின் எல்லையையும் கதையையும் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

திருச்சியில் கற்ற தமிழில் ஆரம்பித்தார். ஊர் யாலோவ்கா. ஸ்லோவாக் சீமை மலைச்சரிவில் இருபத்தேழு வீடு. கிழக்கே ஓடை, வடக்கே காடு, மேற்கே உச்சியில் மேய்ச்சல் புல்வெளி. நானூறு வருஷத்துக்கு முன் ஆடு மேய்த்து வந்தவர்கள் குடியேறியது. ஒருமுறை படை வந்து எரித்தது, மறுபடி கட்டினார்கள். ஹங்கேரி ராஜாவுக்கு வரி கட்டிய ஊர், பெரிய சண்டைக்குப் பின் வேறு தேசத்தோடு சேர்ந்துவிட்டது.

“ஊரு எடத்துலயே இருக்குது, ராஜாதான் மாறிப்போறாரு. இங்கயும் அதே கதைதானுங்க,” என்றார் அப்பாஸ் அலி.

செங்கோடன் சிரிக்கவில்லை. எல்லைக்குச் சாட்சி யார் என்று கேட்டார்.

“நான்தான்,” என்று ஓந்த்ரெய் முதுகைத் தொட்டுக் காட்டினார். புல்வெளிக்காகப் பக்கத்து ஊரோடு அறுபது வருஷ வழக்கு. எல்லைக் கல் நடும்போது, கல்லுக்கு ஒரு பையனாகப் படுக்கவைத்துப் பிரம்பால் விளாசுவார்களாம். கிழவனானாலும் இடம் மறக்காது.

“வலிச்சுதா சாமி?” என்றாள் பொன்னாயி.

“மூணாவது கல்லு. கண்ணை மூடிக்கிட்டே போவேன்.”

செங்கோடன் எழுந்தே விட்டார். “வழக்கு தீரல, சாட்சி இங்க வந்து பாசி பொறுக்குதா? அந்த ஊர்த் தலைவருக்குக் கடுதாசி போடுங்க. பதில் வர்ற மட்டும் இவரு மலைய உட்டு எறங்கப்படாது.”

தங்க அனுமதி கேட்டவருக்கு இப்போது போக அனுமதியில்லை. பொன்னாயி குடிசைத் தட்டியை அவிழ்க்கப் போனாள். பதில் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஓந்த்ரெயிடம் மெதுவாகக் கேட்டேன். தம் ஊர்த் தலைவர் ஒரு கடிதத்துக்கு ஆறு மாதம் யோசிப்பவர் என்று காதோடு சொன்னார். அதை நான் சபைக்குச் சொல்லவில்லை.

நான் தமிழில் எழுத, கீழே அவர் தம் மொழியில் எழுதினார்: சாட்சி இங்கே பத்திரமாக இருக்கிறார், தேவையானால் அனுப்புகிறோம். செங்கோடன் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: புல்வெளியை வருஷத்துக்கு ஓர் ஊராக முறைவைத்து மேய்க்கவும்.

உறையை ஒட்டி அரக்கு வைத்தேன். அப்பாஸ் அலி அதை மடியில் செருகிக்கொண்டு, மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிக்கு இறங்கினார்.