மேற்கு மூலையில் எது நட்டாலும்

முத்துவேல் தன் வீட்டுப் புழக்கடையில் நீச்சல் குளம் கட்டியது முழங்கால் வலிக்காக. பட்டணத்து டாக்டர் தினம் அரை மணி நேரம் நீந்தச் சொல்லிவிட்டார். உத்திரமேரூரில் கடல் மாதிரி ஏரி கிடக்கிறது. ஆனால் நாற்பது காணி வைத்திருக்கிற மனுஷர், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் நடுவில் கோவணத்தோடு இறங்குவாரா? பம்புசெட்டுக்குக் கரண்டு வந்த மறுவருஷம், அறுபத்திரண்டு சித்திரையில், முப்பதடிக்குப் பதினைந்தடி பள்ளம் வெட்டி, சிமெண்டு பூசி, தண்ணீர் விட்டார். ஊரில் அதற்கு "எருமத் தொட்டி" என்று பெயர். பெயர் வைத்தது நானில்லை. பரப்பியது வேண்டுமானால் நான்.

மரம் வைக்கிற யோசனை வந்ததும் என்னால்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கழுத்தளவு மண்சுவர். நான் வரட்டி தட்டுவது அந்தச் சுவரில். முத்துவேல் அரை நிஜாரோடு தண்ணீரில் இறங்கும் நேரமும் நான் வரட்டி தட்டும் நேரமும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிடும். நாலாம் நாள் அவர் பெண்சாதியைக் கூப்பிட்டு, என் காதில் விழும்படியே சொன்னார்.

"தேவகி, சுத்தி மரம் வெக்கணும். கண்டவங்கல்லாம் கண்ணு போட்டுக்கினு கீறாங்க."

"வெச்சிக்குங்கண்ணே. இன்னா மரம்?" என்றேன், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

அடுத்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் மரப் பேச்சுதான். புளி என்றால் பேய் வரும். முருங்கையில் கம்பளிப்பூச்சி. தென்னை வைத்தால் நீந்துகிறவர் தலையில் காய் விழும். நாவல் சிமெண்டைக் கறையாக்கும். அரச மரம் வேர் விட்டால் தொட்டியே இரண்டாகும். வேம்பு நல்லதுதான், தண்ணீரில் உதிர்கிற இலையை அள்ள ஓர் ஆள் போட வேண்டும். கடைசியில், பட்டணத்து பங்களா ஒன்றில் பார்த்த நெட்டிலிங்கம்தான் என்று முடிவாகி, ஆடி மாதம் வாலாஜாபாத்திலிருந்து இருபது கன்றுகள் வண்டியில் வந்து இறங்கின.

அதுவரை பேசாதிருந்த தேவகி, "மேற்கு மூலையில மட்டும் எலுமிச்ச வெய்யிங்க" என்றாள்.

"அங்க இருந்த எலுமிச்சயத்தானடி வெட்டிப் போட்டேன்? கால்ல முள்ளு குத்தும்."

"குத்தட்டும்."

"இன்னாத்துக்கு?"

"எனக்கு வோணும்."

காரணத்தை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், முத்துவேல் ஒரு வழக்குக்காகச் செங்கல்பட்டு போயிருந்த சமயம், தேவகிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. மருத்துவச்சி எல்லம்மாள் அதைப் புதுப்பானையில் வைத்து, தட்டால் மூடி, புழக்கடை மேற்கு மூலையில் புதைத்தாள். நாய் கிளறாமலிருக்க மேலே முள்ளுச் செடியாக ஓர் எலுமிச்சை நட்டாள். எங்களுக்குள் அதுதான் வழக்கம். அப்படிப்பட்ட குழந்தை சுடுகாட்டுக்குப் போகாது. ஆம்பிளைகளிடம் இடம் சொல்வதில்லை. அதைப் பற்றிப் பேசினால் அடுத்தது தங்காது என்பார்கள். பேசாமலிருந்தும் தேவகிக்குத் தங்கவில்லை என்பது வேறு விஷயம். ஊர் திரும்பிய முத்துவேலிடம் "தங்கல" என்று மட்டும் சொன்னோம். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொட்டிக்குப் பள்ளம் வெட்டிய வாரம், தேவகி தம்பி கல்யாணத்துக்குப் பழையசீவரம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எலுமிச்சை நின்ற இடத்தில் ஆளுயரப் பள்ளம் இருந்தது. தோண்டிய மண்ணெல்லாம் வண்டி வண்டியாகக் கழனிக்குப் போயிருந்தது.

வெட்டும்போது நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். எவள் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் ஊருக்குச் சொல்கிறவள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பொம்பளைகள் விஷயம், ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்ற ஆசையும் இருந்தது, இல்லையென்றால் பொய்.

ஆனதையும் பார்த்தேன். மற்ற ஆட்கள் கூழ் குடிக்கப் போன நேரத்தில், சேரியிலிருந்து வந்து மண்வெட்டிய சாமுவேலின் கடப்பாரை எதிலோ இடித்தது. அவன் கையால் மண்ணை விலக்கினான். பானையைத் தூக்கினான். தட்டைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். பானையைப் பார்த்தது நான் மட்டும். துண்டு மூட்டையை வழியில் பார்த்தவர்கள், முத்துவேல் கழனியில் சாமுவேல் பொற்காசு எடுத்துவிட்டான் என்றார்கள். முத்துவேல் அவனைக் களத்துமேட்டில் நிற்கவைத்து, மாட்டுச் சவுக்கால் நாலு வைத்து, இனி என் கழனியில் கால் வைக்காதே என்று விரட்டினார். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முத்துவேல் கடைசியில் விட்டுக்கொடுத்தார். தேவகி எலுமிச்சையை நட்டாள். எட்டாம் நாள் அது நுனியிலிருந்து கருகியது. இரண்டாவது கன்றும் அப்படியே. மூன்றாவது நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அந்த மூலையில் நட்ட நெட்டிலிங்கமும் பட்டுப்போனது. மற்றவையெல்லாம் தளதளவென்று நின்றன.

"சிமெண்டுத் தண்ணி வேர சுட்டுப்புட்டிருக்கும்" என்றார் முத்துவேல். இருக்கலாம்.

அதற்குள் தேவகியின் நடமாட்டம் மாறியிருந்தது. வெறுங்காலோடு கழனி வரப்புகளில் நடப்பாள். கொட்டிய மண்ணைக் குச்சியால் கிளறுவாள். காற்றுப் பட்டுவிட்டது என்றார்கள். அதில் என் பங்கும் உண்டு.

தை மாதம், ஒரு நாள் உச்சி வேளை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"யக்கா, சீக்கிரம் வா. காஞ்சிடும்."

போனேன். தொட்டியில் யாருமில்லை. காற்றுமில்லை. ஆனாலும் தண்ணீர், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. சிமெண்டு விளிம்பில் ஈரக் காலடிகள். சின்னச் சின்னதாக, தண்ணீரிலிருந்து ஏறி மேற்கு மூலை வரைக்கும். அங்கே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மிதித்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"கீரிப்புள்ள" என்றேன்.

"கீரிக்கு ஏதுக்கா குதிகாலு?" தேவகி குனிந்து தன் கையை ஒரு தடத்தின் பக்கத்தில் வைத்தாள். "ஆடியில இத்தவுட சின்னது. அளந்து பாத்துக்கினுதான் வரேன். உசுரோட இருந்தா அவளுக்கு இப்ப ஏழு."

தடம் விரல் பக்கமிருந்து காயத் தொடங்கியது.

"இருந்த எடத்தக் காணோம்னு தேடிக்கினு கீறா. எந்த மண்ணோட போனாளோன்னு நானும் தேடறேன். எங்கன்னு தெரிஞ்சாப் போதும்க்கா, வேற ஒண்ணும் வோணாம்."

என் நாக்கு அதுவாகவே பேசியது. "மண்ணோட போவலடி. சாமுவேலு எடுத்துக்கினு போனான். பானையோட. நான் பாத்தேன்."

"இத்தினி மாசமா?" என்றாள். அவ்வளவுதான். அறைந்திருந்தால் தேவலை.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு நடந்தாள். சாய்வு நாற்காலியில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துவேல், "எங்கடி இந்த வெய்யில்ல?" என்றார்.

"சேரிக்கு."

"சேரிக்கா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா? போனீனா இந்த வூட்டுப் படி ஏறாத!"

"பொதையல்னு ஒருத்தன அடிச்சீங்களே, அது உங்க புள்ள. அந்த எலுமிச்சைக்குக் கீய பொதச்சி வெச்சிருந்தோம்." அவர் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

விறகு பிளந்துகொண்டிருந்த சாமுவேல் எங்களைக் கண்டதும் கோடாலியைக் கீழே போட்டான். ஏன் வந்தோம் என்று கேட்கவில்லை. ஓலை வேய்ந்த மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். சுற்றிலும் கள்ளி வேலி. ஓரமாக வரிசையாய்ச் சின்ன மேடுகள், குழந்தைகளுடையவை. கடைசி மேட்டில் இடுப்புயரத்துக்கு ஒரு பூவரசு துளிர்விட்டு நின்றது.

"தொறக்கலம்மா. தூக்கசொல்லவே தெரிஞ்சிபோச்சி. வண்டி மண்ணோட கொட்ட மனசு வல்ல" என்றான்.

"அடிக்கசொல்ல ஏன் சாமுவேலு வாயத் தொறக்கல?"

"பொதையல்னு நெனச்சா ஆண்ட என்ன அடிப்பாரு. நெசத்த சொன்னா வூட்டுல உங்களக் கேப்பாரு." தலையைச் சொறிந்துகொண்டான். "சிலுவ வெக்கலம்மா. அப்பால உங்க சாமி எங்க சாமின்னு பேஜாரு. பூவரசங்கொம்பு ஒண்ணு சொருகினேன். கல்லறத் திருநாளுக்கு எல்லாத்துக்கும் ஏத்தசொல்ல இதுக்கும் ஒரு மெயுவத்தி. வோணும்னா தோண்டிக் குடுத்துடட்டா?"

தேவகி உட்கார்ந்து தண்டைத் தொட்டாள். இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், குழந்தைக்கு விரல் எண்ணுவதுபோல.

"வோணாம். அங்க வெறும் தண்ணி. இங்க வேர் புடிச்சிக்கினு கீறா."

அப்போதுதான் கவனித்தேன். கள்ளி வேலிக்கு வெளியே முத்துவேல் நின்றிருந்தார். செருப்பில்லை, மேல்துண்டு இல்லை, ஒரு கால் முழுக்கத் தைலம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி அவ்வளவு தூரம் நடந்தாரோ. உள்ளே வரவில்லை. சாமுவேலைப் பார்த்தார், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். பெண்சாதியைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"சொக்கம்மா, பொண்ணா?"

"பொண்ணுதாண்ணே."

பூவரசைப் பார்த்தபடியே ரொம்பத் தாழ்வாக, "யாரு ஜாட?" என்றார்.

குழந்தை பிறந்த அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது எல்லம்மாள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டிருந்தாள். நான் பார்க்கவில்லை.

"மூக்கு அப்பிடியே உங்க மூக்குண்ணே" என்றேன்.

முத்துவேல் தன் மூக்கை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.